வெள்ளை கேன் தண்ணீர்

எங்கள் டவுன்ஷிப்பில் குறைமாதத்தில் குழந்தை பிறந்தால், யாராவது ஒருவர் அந்தத் தாயிடம் என் பிளாக்கையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சிலர் குழந்தையோடு வருவார்கள். சிலர் குழந்தையை மருத்துவமனையில் விட்டுவிட்டு, தோளில் ஒரு துண்டோடு வருவார்கள். உட்கார்ந்ததும் அவர்கள் கண் என் மகளைத் தேடும். அமலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையை எறிந்துவிட்டு விளையாட ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பேச்சு வரும். நான் ஒரு தாளை எடுத்து வரிசை எண் போட்டு எழுதிக் கொடுப்பேன். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், குழந்தையிடம் எதைக் கவனிக்க வேண்டும், வீட்டில் எதை வாங்கி வைக்க வேண்டும். அனல்மின் நிலையத்தில் கருவிப் பிரிவில் வேலை செய்கிறேன். வரிசை எண் போடாமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது.

தாளின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், அது எவ்வளவு சுத்தமான தண்ணீராக இருந்தாலும்.

அது ஏன் முதல் வரி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஏழாம் மாதம் முடிவதற்குள் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அது எனக்குத் தெரியவில்லை. கண்ட்ரோல் ரூமில் ஒரு மீட்டரின் முள் இரண்டாகத் தெரிந்தது. மீட்டர்தான் பழுது என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பக்கத்திலிருந்த ஆபரேட்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மீட்டரு நல்லாத்தான் இருக்கு மேடம், நீங்க மொதல்ல உக்காருங்க" என்றார். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்த்த நர்ஸ் நம்பாமல் மறுபடி பார்த்தார். பிறகு டாக்டரை அழைத்து வந்தார். அன்றைக்கே ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். குள்ளஞ்சாவடி கூட்டு ரோட்டில் நெரிசல். என் கணவர் சேவியர் இறங்கி, பலாப்பழ வண்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளி வழி செய்வதை ஆம்புலன்ஸின் சிறிய சன்னல் வழியே பார்த்தேன். அதே மின் நிலையத்தின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்க்கு மேல் கனமான எதையும் தூக்காத மனிதர் அவர்.

தாய்க்கு அழுத்தம் மிக ஏறினால், குழந்தைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். அப்போது உள்ளே இருப்பதைவிட வெளியே வந்துவிடுவதே குழந்தைக்குப் பாதுகாப்பு. அப்படித்தான் அமலாவை அறுவை செய்து வெளியே எடுத்தார்கள்.

சில நாள் கழித்துத்தான் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவளிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். இளஞ்சூட்டில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். கடையில் கட்டித் தரும் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடச் சற்றுக் கனம். தோல் வழியே நரம்புகள் தெரிந்தன. நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, அவள் மேல் ஒட்டியிருந்த ஒயர்களை. அவற்றை எனக்குத் தெரியும். வயிற்றில் ஒட்டியிருந்தது வெப்பநிலை காட்டுவது. எங்கள் டர்பைனில் இருப்பதன் தங்கை. பாதத்தில் சிவப்பாக எரிந்தது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் காட்டுவது. எல்லா எண்களையும் படித்து முடித்த பிறகுதான் முகத்தைப் பார்க்கத் துணிவு வந்தது. நெற்றி சேவியரின் நெற்றி.

பிறகு நாட்கள் ஒரே மாதிரி போயின. பால் ரூம் என்று ஓர் அறை. நைட்டியும் துண்டுமாகத் தாய்மார்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கிண்ணத்தில் பால் பீய்ச்சுவோம். ஒருத்திக்குக் கிண்ணம் நிறையும், ஒருத்திக்கு அடி நனையாது. யாரும் அடுத்தவள் கிண்ணத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில் வழக்கமாக உட்கார்ந்தவள் கம்மாபுரத்து வளர்மதி. முதல் நாள் அவள் என்னிடம் கேட்டது என் பெயரை அல்ல.

"உங்க வூட்டுக்காரரு பர்மனென்ட்டா?"

ஆமாம் என்றேன்.

"எங்க வூட்ல கான்ட்ராக்டு. மைன்ஸ்ல" என்றாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுரங்கமும் மின் நிலையமும் ஒரே கம்பெனிதான். ஆனால் பர்மனென்ட் என்றால் மருத்துவமனைக்குக் கம்பெனிக் கடிதம் போதும். கான்ட்ராக்ட் என்றால் ஒவ்வொரு ஊசிக்கும் அவள் புருஷன் கீழே மருந்துக் கடைக்கு ஓட வேண்டும். ஒரு நாள் காலை அவள் வரவில்லை. அவள் குழந்தை இருந்த பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோனார்களா, வேறு ஏதாவதா என்று நான் நர்ஸிடம் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்மாபுரம் பெயர்ப் பலகை போட்ட பஸ் கடந்துபோனால் சன்னல்களைப் பார்ப்பேன்.

எனக்குத் துணையாக வந்து இருந்தவர் ஸ்டெல்லா அண்ணி, சேவியரின் அக்கா. காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலை. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கொட்டைத் தோலில் ஊறும் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்களும் உள்ளங்கையும் கருத்திருக்கும். அது அழுக்கு அல்ல, கறை; எந்தச் சோப்புக்கும் போகாது. பிள்ளைகள் இருந்த அறைக்குள் நுழையுமுன் முழங்கை வரை கை கழுவ வேண்டும். அண்ணி கழுவிவிட்டுக் கையை நீட்டுவார். நர்ஸ் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ கழுவிட்டு வாங்கம்மா" என்பார். அண்ணி மறுபடி கழுவுவார்.

"இது போற கறுப்பு இல்ல பாப்பா. கூட பொறந்த மாரி ஒட்டிகினு இருக்குது" என்று ஒரு நாள் நர்ஸிடம் சிரித்தார்.

"பரவால்லம்மா, இன்னொரு தடவ" என்றார் நர்ஸ். அண்ணி திரும்பவும் குழாயடிக்குப் போனார்.

இரண்டாம் வாரத்தில் முதல் பயம் வந்தது. குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சத் தெரியாது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் பாலை விடுவார்கள். அடுத்த முறை விடுமுன், ஊசியில்லாத சிரிஞ்சால் இழுத்து, முந்தைய பால் செரித்ததா என்று பார்ப்பார்கள். ஒன்றும் வராவிட்டால் நல்லது. வெள்ளையாகக் கொஞ்சம் வந்தால் சரி. அன்றைக்குப் பச்சையாக வந்தது. நர்ஸ் நாடாவை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார். எனக்கு ஏறும் எண்களைப் படிக்கத் தெரியும்.

குழந்தை மருத்துவர் ஓர் அம்மாள். நரைத்த தலை, அவசரமில்லாத குரல். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"குடல்ல அழற்சி. சீக்கிரமே பொறந்துட்ட குழந்தைங்களுக்கு வர்றதுதான். குடல் சுவர் இன்னும் முதிரல. கெட்ட கிருமிங்க அதுல குடியேறிட்டா சுவர் அழுக ஆரம்பிக்கும். ஓட்டை விழுந்தா ஆபரேஷன். அது வரைக்கும் போக விடக் கூடாதுன்னு பார்க்கறோம். பாலை நிறுத்திடறோம். மருந்து நரம்பு வழியாப் போகுது."

"பொழைக்குமா டாக்டர்?" என்று சேவியர் கேட்டார்.

"நாளைக்குக் கேளுங்க" என்றார்.

அந்த மாலை அண்ணி என்னிடம் வந்து, "பேரு வெக்காம போயிடக் கூடாது ஜெசி" என்றார். உயிருக்கு ஆபத்து என்றால் கோயிலிலிருந்து பங்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்களில் யார் வேண்டுமானாலும் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அண்ணியின் பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது. மாதா கோயில் தீர்த்தம். அதை எடுத்ததும் சேவியர் கையை நீட்டித் தடுத்தார்.

"அக்கா, இதுல எத்தன கிருமி இருக்கும்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியாதுடா. மாதாவுக்குத் தெரியும்."

"மாதா என்ன, லேப் வெச்சிகினு இருக்காங்களா?"

"நீ வெச்சிகினு இருக்கறல்ல, அப்பறம் அவங்க எதுக்கு வேற" என்றார் அண்ணி. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது. பாட்டில் பைக்குள் திரும்பிப் போனது.

நர்ஸ்தான் வழி சொன்னார். ஊசி மருந்து கலக்க வைத்திருக்கும் கிருமி நீக்கிய தண்ணீர், விரல் நீளக் குப்பியில் அடைத்தது. குப்பியின் கழுத்தை உடைத்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி கறுத்த விரல்களால் குப்பியைப் பிடித்து, பெட்டியின் வட்டத் துவாரம் வழியே கையை விட்டு, மூன்று முறை சில சொட்டுகள் விட்டார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால். அமலா என்ற பெயர் அங்கே வந்தது. ஒரு சொட்டு காதுப் பக்கம் வழிந்தது. அண்ணி அதைச் சுண்டுவிரலால் தொட்டு எடுத்தார்.

அவள் பிழைத்தாள். வயிறு மெல்ல இறங்கியது. பாலை மறுபடி சொட்டுச் சொட்டாகத் தொடங்கியபோது டாக்டரம்மா ஒரு சிறிய பொட்டலத்தைக் காட்டினார். உள்ளே வெள்ளைத் தூள். அது மருந்து அல்ல, உணவோடு கூடுதலாகக் கொடுப்பது என்றார். அந்தத் தூளில் உயிருள்ள பாக்டீரியாக்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும்.

"பாக்டீரியாவையே கொடுக்கறதா?" என்று கேட்டேன்.

"நல்லது, கெட்டது ரெண்டும் உண்டும்மா. நிறைமாசத்துல பொறந்து, அம்மாகிட்ட நேராப் பால் குடிக்கற குழந்தைக்கு நல்லது முதல்ல வந்துடும். உங்க பாப்பா பொறந்ததுல இருந்து ஆஸ்பத்திரியில இருக்கா. ஆன்டிபயாடிக் வேற. அவ குடல் இப்ப காலி பஸ். கடலூர் பஸ் ஸ்டாண்டுல பார்த்திருப்பீங்களே, பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே சன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்க. இந்தத் தூள் அந்தத் துண்டு. நல்லவங்க முதல்ல உக்காந்துட்டா கெட்டவங்களுக்கு இடம் இல்ல." பிறகு அவரே சொன்னார்: "எல்லா டாக்டரும் இதைக் கொடுக்கறதில்ல. வேணாம்கறவங்களும் உண்டு. எனக்குக் கொடுக்கலாம்னு தோணுது."

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதர். அதனாலேயே அவரை நம்பினோம்.

அவள் எடை கூடி, பாலாடையில் ஊற்றினால் விழுங்கக் கற்றுக்கொண்டதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு பட்டியல். வைட்டமின் சொட்டு, இரும்புச் சொட்டு, கால்சியம் சிரப், தூள். தூளைக் கொதித்து ஆறிய தண்ணீர் கொஞ்சத்தில் கரைத்து, பாலாடையில் விட வேண்டும். மற்றவையெல்லாம் கடையில் கிடைத்தன. தண்ணீரை மட்டும் சேவியர் கொண்டு வந்தார்.

டி.எம். வாட்டர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பாய்லரில் நீராவியாக்கும் தண்ணீரில் உப்பு இருந்தால் குழாயில் படிந்துவிடும், டர்பைனைக் கெடுத்துவிடும். அதனால் பிசின் மணிகள் நிரப்பிய பெரிய தொட்டிகள் வழியே தண்ணீரைச் செலுத்தி, கரைந்த உப்பு அத்தனையையும் பிடுங்கிவிடுவார்கள். மிஞ்சும் தண்ணீருக்கு ருசிகூட இருக்காது. சேவியரின் வேலை அதைச் சோதிப்பது. அதன் தூய்மையைக் காட்டும் மீட்டரைச் சரிபார்ப்பது என் பிரிவு. அந்த மீட்டர் தப்பா, அவர் சோதனை தப்பா என்ற சண்டையில்தான் நாங்கள் முதலில் பேசிக்கொண்டோம். டவுன்ஷிப்பில் பல வீடுகளில் ஸ்கூட்டர் பேட்டரிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஊற்ற அந்தத் தண்ணீர் ஒரு கேன் இருக்கும். எங்கள் வீட்டில் வெள்ளை கேன், சமையலறை அலமாரிக்கு அடியில்.

"கொதிக்க வெச்சா என்ன ஆகும் ஜெசி?" என்றார் சேவியர். "தண்ணிதான் ஆவியாப் போகும். உப்பு, இரும்பு எல்லாம் அடியிலயே நிக்கும். நம்ம பாப்பாவுக்கு எதுக்கு அதெல்லாம்? இதுல ஒண்ணுமே இல்ல. ஜீரோ."

எனக்கும் அது சரியாகப்பட்டது. அந்த ஜீரோவை நான் தினமும் கண்ணால் பார்ப்பவள். எங்கள் வேலையில் சுத்தம் என்ற சொல்லுக்கு அந்த ஒரே அர்த்தம்தான். அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் பெண்மணியிடம், "எங்க தம்பி பேக்டரில செஞ்ச தண்ணிதான் பாப்பாவுக்கு. கடையில வாங்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேனிலிருந்து ஒரு தம்ளரில் அப்படியே ஊற்றி, தூளைக் கரைத்து, பாலாடையில் எடுத்து அமலாவின் உதட்டோரம் சாய்ப்பேன். நாக்கால் துழாவி விழுங்குவாள். அண்ணி அவளுக்குத் தொட்டில் கட்டினார், துணி துவைத்தார், ஒவ்வொரு முறையும் அவளைத் தூக்குமுன் கை கழுவினார். நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது மருத்துவமனை நாட்களை அல்ல, அந்த நல்ல நாட்களை. சன்னலில் வெயில், சாய்த்த பாலாடை, துழாவும் நாக்கு.

ஒரு மத்தியானம் அவள் விழுங்கவில்லை. உதட்டோரம் விட்டது அப்படியே வழிந்தது. தொட்டால் குளிர்ச்சி. பெரியவர்களுக்குக் கிருமி இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வரும். இவ்வளவு சிறிய உடல் சூடேறத் தெம்பில்லாமல் குளிர்ந்துபோகும். துணியை விலக்கினேன். வயிறு பளபளவென்று இறுகியிருந்தது, தோலில் நீலத் திட்டுகள்.

மறுபடி அதே சாலை, அதே குள்ளஞ்சாவடி. அமலாவை என் ரவிக்கைக்குள் தோலோடு தோலாக வைத்து, அண்ணி தன் புடவைத் தலைப்பால் எங்கள் இரண்டு பேரையும் சுற்றியிருந்தார். வழியில் ஒரு முறை அவள் மூச்சு நின்றது. அண்ணி உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடி வந்தது.

அவளை மூச்சுக் கருவியில் வைத்தார்கள். இரத்தத்தை எடுத்து, அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல என்ன கொடுத்தீங்க? யார் தொட்டாங்க? வேற ஏதாவது வாயில வெச்சீங்களா, தேன், சர்க்கரைத் தண்ணி, உரை மருந்து?" எதுவும் இல்லை என்றோம்.

சேவியர் வெளியே வந்து, காத்திருப்போர் நாற்காலியில் இருந்த அண்ணியின் பையை எடுத்தார். நான் அவர் பின்னால் நின்றேன். அந்தச் சின்னப் பாட்டில் வெளியே வந்தது. பாதி காலி.

"பாப்பாவுக்குக் குடுத்தியா?"

அண்ணி பாட்டிலைப் பார்த்தார். "இல்லடா."

"அப்ப பாதி எங்க போச்சு?"

"நான் குடிச்சேன். பாப்பாவுக்குத்தான் இது ஆவாதுன்னு சொல்லிட்டியே. பாப்பாவுக்காவ நான் குடிச்சேன், தெனம் ஒரு மொடக்கு."

"யார்கிட்டக்கா சொல்ற?"

"மாதா மேல சத்தியமாடா. நெத்தியிலகூட வெக்கல."

காத்திருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சேவியர் குரலை உயர்த்தவில்லை. அவர் கோபத்தில் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

"உன் கையப் பாருக்கா" என்றார்.

அண்ணி பார்த்தார். இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தார், யாரோ தந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் பக்கம் திரும்பி, "மேல பால் ரூம்ல உன் துண்டு காயுது, மறந்துடாத" என்றார். படியிறங்கிப் போனார்.

நான் தடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது கிடைத்துவிட்டதாக இருந்தது.

இரத்தச் சோதனையின் முடிவு வந்தபோது சேவியர் மருந்து வாங்கப் போயிருந்தார். டாக்டரம்மா என்னைத் தன் அறையில் உட்காரச் சொன்னார்.

"நீங்க கொடுத்த தூள்ல இருக்கற பாக்டீரியாவா இருக்குமோன்னு பயந்தேன். அது இல்ல. இது ஈரத்துல வாழ்ற கிருமி. தொட்டி, குழாய், நின்ன தண்ணி, இதுலயெல்லாம் இருக்கும். அந்தத் தூளை எந்தத் தண்ணியில கரைச்சீங்க?"

சொன்னேன். டி.எம். வாட்டர் என்னவென்றும் சொன்னேன். உப்பு எதுவும் இல்லை, மீட்டரில் ஜீரோ என்று சொல்லும்போதே என் குரல் தேய்ந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உப்பை எடுத்தீங்க. அதோட குளோரினும் போயிடுச்சு. அப்புறம் அந்தத் தண்ணியைக் காப்பாத்த அதுல என்னம்மா இருக்கு?"

பாய்லருக்குக் கிருமி ஒரு பொருட்டல்ல. எங்கள் மீட்டர் கிருமியை எண்ணுவதில்லை. தண்ணீரின் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அது குழந்தைக்காகச் செய்த தண்ணீர் அல்ல. இவ்வளவு எளிய விஷயம். இரண்டு பேர் படித்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அதுதான் காரணம்னு நான் சொல்லல" என்றார். "இந்தக் கிருமி ஆஸ்பத்திரியிலயும் உண்டு. இங்க இருந்தே அவகூட வந்திருக்கலாம். அந்தக் கேனைக் கொண்டு வாங்க. சோதிச்சுப் பார்த்துடலாம்."

சேவியரிடம் சொன்னேன். அவர் உடனே பஸ் ஏறினார். மறுநாள் திரும்பி வந்தபோது கையில் கேன் இருந்தது, மூடியைத் திறந்து கவிழ்த்துப் பிடித்தபடி. பிளீச்சிங் பவுடர் வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"உள்ள கை விட்டுப் பார்த்தேன்" என்றார். "ஓரமெல்லாம் வழவழன்னு இருந்துச்சு ஜெசி."

"ஏன் கழுவினீங்க?"

அவர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல. வழவழப்பு பட்டதும் கை தானாப் போயிடுச்சு. தேய்ச்சு முடிச்சப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவரை நம்புகிறேன். ஆய்வகத்தில் அழுக்கான பாத்திரத்தைக் கண்டால் முதலில் கழுவிவிடும் கை அது. ஆனால் சோதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வழவழப்பில் என்ன இருந்தது, என் மகளின் இரத்தத்தில் வளர்ந்தது அதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. யார் முதலில் துண்டு போட்டார்கள்? பாலாடையைச் சாய்த்த என் கையா, கேனைச் சுமந்து வந்த அவர் கையா, பெட்டியைத் துடைத்த ஏதோ ஒரு கையா? கறுத்த அந்தக் கை அல்ல என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அமலா அந்த முறை மிக மெதுவாகத் திரும்பி வந்தாள். அறுவை மருத்துவர் இரண்டு தடவை வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் பார்க்கலாம் என்று போனார். மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு காலை, சிரிஞ்சை இழுத்த நர்ஸ் என்னிடம் காட்டினார். காலியாக இருந்தது. அந்தக் காலிச் சிரிஞ்சைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. பாலோடு அந்தத் தூளையும் மறுபடி தொடங்கினார்கள், இம்முறை என் பாலிலேயே கரைத்து.

வீட்டுக்குப் போகும் வழியில், வடலூர் பக்கம் திரும்பாமல் வண்டியைக் காடாம்புலியூருக்கு விடச் சொன்னார் சேவியர். அண்ணி முந்திரிக் கொட்டைக் கூடையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கைகளைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டார்.

"கேன் தண்ணியா இருக்கும்ங்கறாங்கக்கா" என்றார் சேவியர். "நான் கொண்டாந்த தண்ணி. நீ இல்ல."

"பொழச்சிக்கிச்சில்ல?"

"ம்."

"அத்தோட வுடு."

நான் குழந்தையை நீட்டினேன். "எடுத்துக்கோங்க அண்ணி."

"இரு, கையக் கழுவிகினு வரேன்" என்றார். வீட்டுக்குப் பின்னால் அடிபம்பின் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முழங்கை வரை ஈரம். கையில் சிறு கீறல்களில் இரத்தம் கசிந்தது. சோப்போடு தேங்காய் நாரையும் போட்டுத் தேய்த்திருந்தார். கறுப்பு அப்படியே இருந்தது.

அமலாவுக்கு இப்போது கிருமிகளைப் பற்றிய பயம் எதுவும் தேவையில்லை. மண்ணில் புரள்கிறாள், மாங்காயைக் கழுவாமல் கடிக்கிறாள். அவள் குடலில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்கள் ஒருவரோடொருவர் பழகிக்கொண்டார்கள். நான்தான் இன்னும் அவள் தூங்கும்போது வயிற்றின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன், இறுகியிருக்கிறதா என்று.

போன பலாப்பழக் காலத்தில் காடாம்புலியூருக்குப் போயிருந்தோம். அண்ணி பழத்தைப் பிளந்து வைத்திருந்தார். அமலா சுளைக்காக உட்கார்ந்துவிட்டாள். அண்ணி எழுந்து அடிபம்புக்குப் போனார். அமலா குழந்தையாக இருந்ததிலிருந்து இன்றுவரை, அவளைத் தொடுமுன்பும் அவளுக்கு எதையாவது எடுத்துக் கொடுக்குமுன்பும் அப்படித்தான். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், இருக்கட்டும் என்பார்.

"அத்தை, ஏன் இவ்ளோ நேரம் கழுவறீங்க?" என்று அமலா கத்தினாள்.

"உங்கப்பா பெரிய ஆபீசருடி. பாத்துகினே இருப்பாரு" என்றார் அண்ணி. குரலில் கேலிதான்.

சேவியர் எழுந்து போய்ப் பம்பின் கைப்பிடியைப் பிடித்தார். அவர் அடித்தார். அண்ணி சோப்பைத் தேய்த்து, விரலிடுக்குகளைக் கழுவி, மணிக்கட்டைக் கழுவி, மறுபடி விரல்களுக்கு வந்தார். தண்ணீர் கறுத்த விரல்களில் விழுந்து தென்னை மரத்தடிக்கு ஓடியது.

"போதும்க்கா" என்றார் சேவியர்.

"இன்னும் கொஞ்சம் அடிடா" என்றார் அண்ணி.

அவர் அடித்தார்.